பயனளவைக் கொள்கையும் ஒழுக்க போதனையும்

நல்லது இது, தீயது இது என மாணாக்கர்க்கு எடுத்துரைக்கும் நூல்கள் பல. அந்நல்லதை ஒருவன் ஓரிடத்தில் ஒருவர்பொருட்டுச் செய்யப் புகுங்கால் எழும் ஐயத்தைத் தீர்க்க முயலும் நூல்கள் மிகச் சில. வகுப்பிலே ஆசிரியர்க்கு நாடோறும் எதிர்ப்படுவது இவ்வையமேயாம். பொய் கூறலாகாது என்பதில் எம்மாணாக்கனும் ஐயுறுவதில்லை. தோழன் செய்த குற்றத்தை ஆசிரியர் வினாவும்போது தான் யாது செய்வது என்பதிலேயே அவன் இடர்ப்படுகின்றான். இவ்விடர்ப்பாட்டையே ஒழுக்கநூலின் தொடக்கமாகக் கொண்டு ஆராய்ந்த அறிஞர் சிலர் அமெரிக்க தேசத்தில் இருந்தனர். அவர் கொள்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறி, அதன் உரத்தையும் குறையையும் ஆசிரியர்க்குப் பயன்படுமாறு ஆராய்வாம்.

அக்கொள்கைக்கு அவர் இட்ட பெயர், செயல் என்னும் பொருளுடைய 'பிராக்மா' என்ற கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. ஒரு கருத்தின் பொருளைத் தெளியவேண்டின், அதனை மெய்யெனக் கொண்டால் அனுபவத்தில் யாது வேறுபாடு விளையுமென நோக்குக என்று சார்ள்ஸ் பேர்ஸ் என்பவர் 1878 ஆம் ஆண்டில் எழுதினார். இருபது ஆண்டுகளின் பின், 1898 இல், வில்லியம் ஜேம்ஸ் கலிபோர்னியாவில் ஆற்றிய ஒரு சொற்பொழிவினால் அப்பெயர் உலகறிந்ததாயிற்று. அதற்கு முன்னரே, 1891 இல் வெளிவந்த தமது கட்டுரை ஒன்றில், ஒழுக்கநூலை முன்கூட்டியே முற்றுப்பெற எழுதி முடித்தல் இயலாதென்றும், மனித சாதியின் அனுபவம் முடியுமளவும் அந்நூலும் முடியாதென்றும் ஜேம்ஸ் கூறியிருந்தார். இக்கொள்கையை ஒழுக்கத்துக்கும் கல்விக்கும் விரிவாகப் பொருத்திக் காட்டியவர் ஜோன் டூயி (1859-1952). விளைந்த பயனையே ஓர் அளவையாக, அஃதாவது பிரமாணமாகக் கொள்ளுதலின், நாம் இதனைப் பயனளவைக் கொள்கை என வழங்குவாம்.

பயன் என்றவுடன் காசும் வசதியும் நினைவில் வருதல் இயல்பு. 'எனக்கு எது வாய்ப்போ அதுவே நீதி' என்பதுதான் இக்கொள்கை எனப் பழித்தாரும் உளர். அஃது உண்மையன்று. இங்கிலாந்தின் பெந்தம் என்பவரது கொள்கையோடு இதனை ஒன்றாக்குதலும் பொருந்தாது. பெந்தம் இன்பதுன்பங்களைக் கூட்டியும் கழித்தும் செயலின் தகுதியைக் கணிக்க முயன்றார். வருங்காலத்து இன்பதுன்பங்களை வணிகனது கணக்குப்போல எழுதிவைத்தல் இயலாது என டூயி அதனை மறுத்தார். டூயி கருதும் பயன், ஒரு செயலினால் உண்மையில் யார் யாருக்கு யாது நேர்ந்தது என்பதும், செய்தவனது குணம் அச்செயலால் எவ்வாறு மாறிற்று என்பதுமாம்.

சூத்திரங்களாற் கூறுதலினும் ஓர் உதாரணத்தால் இதனை விளக்குதல் நன்று. அவ்வுதாரணம் சிக்காக்கோ நகரத்தது. 1893 செப்டெம்பரில் சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் நின்று பேசிய நகரம் அது. அவ்வாண்டு அந்நகரில் நடந்த பெரிய கண்காட்சி ஒக்டோபர் முடிவில் மூடப்பட்டது. தேசமெங்கும் வர்த்தகமும் வீழ்ந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையின்றிப் பனிக்காலத்தை எதிர்நோக்கினர். நகரின் வறியவர் வாழும் பகுதியில் ஜேன் ஆடம்ஸ் என்னும் அம்மையார் 1889 இல் தம் தோழியோடு நிறுவிய ஹல் ஹவுஸ் என்னும் இல்லம் இருந்தது. இத்தாலியரும் கிரேக்கரும் உருசிய யூதரும் நெருங்கி வாழ்ந்த அவ்விடத்தில், அம்மையார் அயலவராய்க் குடியிருந்து கல்வியும் உதவியும் அளித்து வந்தனர். உதவிப்பணம் அளவுபட்டது, கேட்போர் அளவிறந்தனர். ஆதலின், உழைக்க வல்லவன் கிடைக்கும் வேலையை முதலிற் செய்து பார்த்தல் வேண்டும், அதன் பின்னரே உதவி கேட்கலாம் என ஒரு விதி அனுசரிக்கப்பட்டது.

அவ்விதி தீயதன்று என்பதை வாசகர் மனங்கொள்க. சோம்பரை வளர்க்காமலும், உண்மையில் இயலாதவர்க்குரிய பொருளை இயன்றவர் கொண்டுபோகாமலும் காப்பதற்கு அதனினும் நல்ல விதியை எளிதில் வகுத்தல் அரிது.

சரக்கு அனுப்பும் பகுதியிற் கிளாக்கராயிருந்து வேலை இழந்த ஒருவர் அவ்வில்லத்துக்கு உதவி நாடி வந்தார். அக்காலத்தில் நகரின் கழிவுநீரைக் கொண்டுசெல்லுதற்குப் பெரியதொரு கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஆள்வேலை கிடைத்தது. ஆடம்ஸ் அம்மையார் அதனை அவருக்குக் கூறி, விதியையும் உணர்த்தினார். தாம் எந்நாளும் வீட்டினுள்ளிருந்தே வேலை செய்தவரென்றும், பனிக்காலத்தில் வெட்டவெளியில் உழைத்தலைத் தம் உடல் தாங்காதென்றும் அவர் மறுமொழி சொன்னார். அம்மையார் கடுமையாகப் பேசவில்லை. ஆயினும் விதியினின்றும் வழுவவில்லை. அவர் பின்னர் உதவி கேட்டு வரவேயில்லை. கால்வாயில் இரண்டு நாள் மண் வெட்டினார். நியூமோனியாச் சுரங் கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். சிறு பிள்ளைகள் இருவர் அவருக்கு இருந்தனர்.

இதனை உலகறியச் செய்தவர் அம்மையாரே. 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஹல் ஹவுஸ் வரலாற்றில் இதனை மறைக்காது எழுதினார். அப்பிள்ளைகள் எங்கே எவ்வாறு இருக்கின்றனர் என்பதை அவ்வளவு காலமும் அறிந்து வந்ததாகவும், அவர்களைக் காணுந்தோறும் தாம் கற்ற பாடத்துக்கு அவர்களே விலை கொடுத்தனர் என்ற கசப்பு எழுவதாகவும் அதிற் கூறுகின்றார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒழுக்கநூலார் யாது கூறுவர்? ஜெர்மனியின் கான்ற் என்பவரது வழியில் நிற்போர், விதி யாவர்க்கும் பொதுவாய்ச் செலுத்தத்தக்கது, அம்மையாரின் எண்ணம் தூயது, ஆகவே செயலின் ஒழுக்கத் தகுதியில் மாசில்லை என்பர். பெந்தத்தின் வழியினர், அவ்விதியாற் பலர் அடைந்த நன்மையை ஒரு தட்டிலும் இவ்விறப்பை மறுதட்டிலும் வைத்து நிறுப்பர். பயனளவைக் கொள்கையினர் கேட்கும் வினா வேறு. இவ்விதியைச் செலுத்தியபோது அறியவேண்டியிருந்து அறியப்படாது போனது யாது? என அவர் வினாவுவர். விடை கதையிலேயே உளது. தம் உடல் தாங்காது என அம்மனிதர் தம் வாயாற் கூறினார். அச்சொல் ஒரு சான்று. அதனை ஏற்றுக்கொள்ளுதற்கு அவ்விதியில் இடமிருக்கவில்லை. உழைக்க மனமில்லாதவன் கூறும் சாக்கும், உழைத்தால் இறந்துபடுவான் கூறும் உண்மையும் அவ்விதியின் முன் ஒரே ஓசையாகவே ஒலித்தன. அவர் வாழ்ந்த வாழ்க்கையை முழுதும் அறிந்த ஒருவரே அவ்விரண்டையும் வேறு பிரித்திருப்பர்.

ஆடம்ஸ் அம்மையாரும் டூயியும் நண்பர். டூயி 1894 இல் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்துக்கு வந்து 1904 வரை அங்கே பணியாற்றினார். ஹல் ஹவுசிற் சொற்பொழிவாற்றியதோடு அதன் தருமகருத்தருள் ஒருவராயும் இருந்தார். பேராசிரியர் இல்லத்தாருக்குப் போதித்தார் என்று மட்டும் கருதுவோர் பாதியையே அறிந்தோராவர். அவ்வில்லத்தினின்றும் அவர் கற்றதும் மிகுதி. 1908 இல் டவ்ற்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஒழுக்கநூலில் விதிக்கும் தத்துவத்துக்கும் அவர் வேறுபாடு காட்டுகின்றார். விதியென்பது இன்ன சமயத்தில் இன்னது செய்க எனக் கட்டளையிடுவது. தத்துவமென்பது, ஒரு சமயத்தை எவ்வெப்பக்கமாக நோக்கி ஆராய்தல் வேண்டும் எனக் காட்டுவது. பிறர் நமக்குச் செய்யவேண்டுமென நாம் விரும்புவதையே பிறர்க்கு நாமும் செய்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொண்டால் பொருந்தா விளைவுகள் பல வரும். இனிப்பை விரும்புவோன் நீரிழிவு நோயாளிக்கும் இனிப்பே கொடுப்பான். தத்துவமாகக் கொண்டாலோ, நம் நலனை எண்ணுமளவு கூர்மையோடு மற்றவரது நலனையும் எண்ணிப்பார் என்பதாக அது நின்று உதவும். இனிப்பு உதாரணம் நம்முடையது. வேறுபாடு டூயி காட்டியது.

இனி, விதி தனி மனிதனிடத்து மாத்திரமன்றி ஊரினிடத்தும் எவ்வாறு சோதிக்கப்படும் என்பதையும் ஆடம்ஸ் அம்மையாரின் வாழ்க்கையே காட்டும். அவர் வாழ்ந்த பத்தொன்பதாம் வட்டாரத்தில், தெருவோரங்களிற் பொருத்தப்பட்ட பெரிய மரப்பெட்டிகளிற் குப்பை நிரம்பி வழிந்து கிடந்தது. அங்கு வாழ்ந்த பெண்கள் பலர் ஐரோப்பிய நாட்டுப்புறங்களினின்றும் வந்தவர். தன் வாசலைத் தான் கூட்டிச் சுத்தமாக வைத்திருத்தலே இல்லாளின் கடமை என அவர்கள் கற்றிருந்தனர். கிராமத்தில் அஃது போதுமாயிருந்தது. கூட்டியெறிந்த குப்பை வெயிலிலே காய்ந்துபோயிற்று. நெருக்கமான நகரத்திலோ, வீட்டை எவ்வளவு துலக்கினும் தெருக்குப்பை அகற்றப்படாவிடிற் பிள்ளை நோயுற்று இறந்தது. 1895 இல் அம்மையார் அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நகரபிதாவினால் நியமிக்கப்பட்டார். காலை ஆறு மணிக்கு எழுந்து, குப்பை வண்டிகளின் பின்னே சென்று, அவை கொட்டுமிடம்வரை கண்காணித்தார். பெருங்குடும்பத்திற் பிறந்து கல்லூரிப் படிப்பு முடித்த ஒரு பெண்மணிக்கு இது தகுமா என அயலவரே வியந்தனர். மரணக் கணக்கில் நகரத்து வட்டாரங்களுள் மூன்றாவதாயிருந்த அவ்விடம் பின்னர் ஏழாவதாக இறங்கிற்று. குப்பை அகற்றியதொன்றே அதற்குக் காரணம் என அம்மையார் சொல்லவில்லை. வேறு காரணங்களும் கூடின என்றே எழுதினார்.

1902 இல் அங்கே நெருப்புக்காய்ச்சல் பரவிற்று. நகரத்துச் சனத்தொகையில் முப்பத்தாறிலொரு பங்கே வாழ்ந்த அவ்வட்டாரத்தில், நகரத்தில் அந்நோயால் இறந்தவருள் ஆறிலொரு பங்கினர் இறந்தனர். அங்கு நெடுங்காலம் வாழ்ந்த கைம்பெண் ஒருவரைப் பற்றி அம்மையார் எழுதுகின்றார். அவர் தம் வீட்டை மாசற வைத்திருந்தார்; ஊர்க்காரியம் எதிலும் தலையிடாமல், தம் பெண்மக்கள் இருவரையும் கல்லூரிக்கு அனுப்பிக் கற்பித்தார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது இருவரும் அந்நோயுற்றனர், ஒருத்தி இறந்தாள். அத்தாயினிடத்து என்ன குறை? நீதிநூல்கள் இல்லாளுக்குச் சொல்லிய நற்குணம் யாவும் அவரிடத்து இருந்தன. அந்நற்குணம் தன் வேலியோடு நின்றுவிட்டது. நீர்க்குழாயோ வேலியைக் கடந்து வந்தது. குடும்ப ஒழுக்கம் பழைய அளவினதாயிருக்க வாழ்க்கை புதிய அளவினதாக விரிந்துவிட்டது என்பதே, அதே 1902 இல் வெளிவந்த சமூக ஒழுக்கம் பற்றிய தமது நூலில் அம்மையார் வலியுறுத்தியதுமாம்.

நீர்க்குழாய் என்றதற்குக் காரணம் உண்டு. ஹல் ஹவுசில் வாழ்ந்த வைத்தியர் அலிஸ் ஹமில்ற்றன் அந்நோயின் காரணத்தை ஆராய்ந்து, மூடப்படாத மலகூடங்களினின்றும் ஈக்கள் கிருமியைச் சுமந்து வந்தன என எழுதினார். அவ்வாராய்ச்சி புகழ்பெற்றது, நகரச் சுகாதாரப் பகுதியில் விசாரணை நடந்து, கடமையிற் பிழைத்த பரிசோதகர் பலர் விலக்கப்பட்டனர். ஆயின் உண்மைக் காரணம், நீரேற்று நிலையத்தில் நேர்ந்த உடைவினாற் கழிவுநீர் குடிநீரிற் கலந்ததே என்றும், அதிகாரிகள் அதனை மறைத்தனர் என்றும் பின்னர் அவர் அறிந்தார். 1943 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் தம் முடிபு தவறு எனத் தாமே அறிவித்தார். இங்கே மாணாக்கர் கேட்கத்தக்க ஒரு கூரிய வினா உளது. ஈக்கொள்கையினால் நல்ல பயன் விளைந்ததன்றோ? பயனே அளவையாயின் அக்கொள்கை மெய்யாதல் வேண்டுமன்றோ? அங்ஙனமன்று. விசாரணை நன்மை தந்தது என்பது விசாரணையைப் பற்றிய சான்று. நோய் எவ்வாறு பரவிற்று என்பதற்கு அது சான்றாகாது. எதைச் சோதிக்கப் புகுந்தோமோ அதற்குரிய விளைவையே அளவையாகக் கொள்ளல் வேண்டும். இதனை உணராதோர் கையில் இக்கொள்கை, வேண்டியதை நிலைநாட்டும் தந்திரமாய் முடியும்.

1930 நவம்பரில் பாரிசு நகரில் டூயி ஆற்றிய ஒரு சொற்பொழிவை இங்கே எடுத்துக்கொள்ளுதல் பொருந்தும். ஒழுக்கத்தில் ஒன்றினின்றொன்று பிறவாத மூன்று கூறுகள் உள என்றார். நாம் நாடும் நன்மை ஒன்று. பிறர் நம்மிடம் உரிமையோடு வேண்டும் கடமை ஒன்று. நம் நடையைக் கண்டு பிறர் மெச்சியும் பழித்தும் கூறுதலாற் பிறக்கும் குணமதிப்பு ஒன்று. இம்மூன்றையும் ஒன்றாக அடக்கமுயன்றதே முன்னோர் நூல்களின் குறை என்பது அவர் முடிபு. காலந்தாழ்த்தி வரும் மாணாக்கன் ஒருவனை எண்ணுவாம். விடியற்காலையில் தந்தையோடு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு அவன் வருகின்றான். அவன் கற்றலும் அவன் குடும்பம் உண்டு வாழ்தலும் நன்மைகள். உரிய நேரத்துக்கு வருக எனப் பாடசாலை வேண்டுவதும், தூரத்திலிருந்து நடந்து நேரத்துக்கு வந்த மற்றைப் பிள்ளைகள் நடுநிலை வேண்டுவதும், தந்தை உதவி வேண்டுவதும் கடமை பற்றியன. உழைப்பாளி என ஊரார் அவனை மெச்சுவர். ஒழுங்கில்லாதவன் என இடாப்பு கூறும். ஆசிரியர் இவற்றுள் எதனையும் பொய்யென்று தள்ளல் இயலாது. உண்மையான இடர்ப்பாடு நன்மைக்கும் தீமைக்கும் இடையே எழுவதினும், நன்மைக்கும் கடமைக்கும் இடையே எழுவதே பெரும்பான்மை என்பதை டூயி நன்கு கண்டார். இதனை அவர் கூறியவற்றுள் ஆசிரியர்க்கு மிகப் பயன்படுவதாக நாம் மதிக்கின்றோம்.

இக்கொள்கையின் குறையையும் கூறுதல் வேண்டும். பயன் விளையுமளவும் ஆசிரியர் காத்திருக்க ஒண்ணாது. இன்று தீர்ப்புக் கூறியாகவேண்டும். பிள்ளையினிடத்து நாம் செய்தது இருபது ஆண்டின் பின்னரே பயனாய் வெளிப்படலாம். மேலும், சமயத்துக்கேற்ப ஆராய்க என்பதைச் சாக்காகக் கொண்டு, தனக்கு வேண்டியவன் பிள்ளைக்கு ஒரு நீதியும் மற்றவன் பிள்ளைக்கு ஒரு நீதியும் வழங்குவோர்க்கு இக்கொள்கை திரையாதலுங் கூடும். பழைய விதிகள் பலர் பலகாலம் சோதித்துச் சேமித்த அனுபவம் ஆதலின், அவற்றை விலக்குவோனே காரணம் காட்டல் வேண்டும் என இக்கொள்கையினர் விடை கூறுவர். அவ்விடை பெரும்பாலும் போதும், முற்றும் போதாது. ஒரு பிள்ளையை வகுப்பின் நடுவே இழிவுபடுத்தலாகாது என்பதை நாம் சோதித்துப் பார்த்துத்தான் அறியவேண்டுமோ? சோதனையிற் கற்பவர் ஒருவரும் அதற்கு விலை கொடுப்பவர் மற்றொருவருமாயிருத்தலே இக்கொள்கையின் இருண்ட பக்கம். அக்கிளாக்கரின் பிள்ளைகளை அம்மையார் மறவாதிருந்தமை அவர் அதனை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று.

இதற்கு டூயி கூறும் மாற்று ஒன்று உண்டு. 1922 இல் வெளிவந்த மனித இயல்பும் ஒழுக்கமும் பற்றிய நூலில், ஆராய்தல் என்பது நாடக ஒத்திகை போல்வது என்கிறார். செய்துவிட்ட செயலை மீட்டல் முடியாது. கற்பனையிற் செய்து பார்த்த செயலை மீட்டுக்கொள்ளலாம். இவ்வழியிற் சென்றால் என்ன நேரும், அவ்வழியிற் சென்றால் யார் துன்புறுவர் என மனத்தரங்கிலே நடத்திப் பார்த்தலே ஒழுக்க ஆராய்ச்சி. விலை கொடுப்பார் ஒருவருமின்றிக் கற்கக்கூடிய இடம் அதுவொன்றே. அதற்கு வேண்டிய கற்பனையை வளர்த்தற்குப் பாடசாலையினும் தக்க இடம் யாது?

1909 இல் வெளியிட்ட சிறு நூலில் டூயி ஒரு நகைப்புக் கதை சொல்கின்றார். ஒரு நகரத்தில் நீரில் இறங்காமலே நீந்தக் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருந்ததாம். கைகால் வீச்சுகளையெல்லாம் தரையிலே நன்றாகப் பயின்ற இளைஞன் ஒருவனை, நீரில் விழுந்தபோது என்ன செய்தாய் என வினாவ, அமிழ்ந்தேன் என ஒரு சொல்லில் விடை பகர்ந்தானாம். ஒழுக்கத்தைப் பற்றிய கருத்துக்கள் வேறு, ஒழுக்கமாய் நடையில் இயங்கும் கருத்துக்கள் வேறு என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் இது. நீதி வாக்கியங்களை மனனம் பண்ணுவித்தல் வேண்டாமென நாம் கூறேம். மனனத்தோடு நின்றுவிடும் பாடம் தரையில் நீந்துவதேயாம்.

ஆகவே மேல்வகுப்பு ஆசிரியர்கள் இம்முறையை ஒருமுறை கையாண்டு பார்ப்பாராக. உதவி கேட்டு வந்த அக்கிளாக்கரின் கதையை, தம் உடல் தாங்காதென அவர் கூறிய இடம்வரை சொல்லி நிறுத்துக. இல்லத்தின் விதியையும் அது வகுக்கப்பட்ட நியாயத்தையும் மறைக்காது கூறுக. விதியை இகழ்ச்சியாகக் காட்டினாற் பாடம் கெடும். பின்பு மாணாக்கருள் ஒருவனை அம்மையாராகவும் ஒருவனை வந்தவராகவும் நிறுத்தி, மேலே பேசுக எனப் பணிக்க. மற்றையோர், அம்மையார் இன்னும் எவற்றைக் கேட்டறிந்திருத்தல் வேண்டும் என ஒரு தாளில் எழுதுக. வரிசையில் நிற்கும் மற்றைய ஏழைகளின் பக்கம் நின்று பேசுதற்கும் ஒருவனை நியமித்தல் அவசியம். அவனது வாதம் எளிதில் வீழ்வதன்று. உடன்பாடு காணவேண்டுமென்று ஆசிரியர் விரைதல் வேண்டா. மணி அடித்தபின் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கதையின் முடிவை மறுநாட் பாடத்திற் கூறுதல் நன்று.